மவுஸை நம் கையிலேயே விடுகிற சங்கம்

லேப்டாப் ஆன் ஆகி வேலைக்கு வர பத்து நிமிஷம் ஆகிறது என்று ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சலில்தான் எங்கள் பகுதி கம்ப்யூட்டர் பயனர் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனேன், இப்போது மூன்றாவது முறையும் போய் வந்துவிட்டேன்.

இவர்களிடம் பிடித்ததே, நம் மெஷினை யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு "கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க" என்றார். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வந்தது. சிபியு பத்து சதவீதம்கூட இல்லை, டிஸ்க் மட்டும் 100-லேயே சிவந்து நின்றது. "பாத்தீங்களா, மூளை சும்மா இருக்கு, டிஸ்க்தான் திணறுது." உள்ளே இருந்தது நிமிஷத்துக்கு 5400 சுற்று சுழலும் மெதுவான ஹார்ட் டிஸ்க். சுழலும் பாகமே இல்லாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் சரியாகிவிடும் என்றார், ஆனால் பேக்கப் எடுக்காமல் ஸ்க்ரூவைத் தொடவே விடவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. இந்தக் கணக்கை அன்று நாலு தடவையாவது கேட்டிருப்பேன். நல்லவேளை கேட்டேன், டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் என் டிஸ்க் மஞ்சள் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது, அதில்தான் பத்து வருஷப் போட்டோக்கள், வேறெங்கும் பிரதி கிடையாது. அடுத்த கூட்டத்தில் எஸ்எஸ்டி மாற்றினோம். ஸ்க்ரூவைக் கழற்றியது நான்தான். இப்போது அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், என் மெஷினில் அது இல்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்டை பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினார்கள், எதையும் இன்ஸ்டால் செய்யாமலே வைஃபை, சவுண்ட், பிரிண்டர் எல்லாம் சோதித்துப் பார்க்க முடிந்தது. மாறலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் ஆரம்பித்ததில்லை. லினக்ஸ் பக்தர் ஒருவர் இருக்கிறார், பிரிண்டர் ஓடவில்லை என்று கேட்டாலும் பதில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் தொடங்கி, 1975-ல் ஒரு கராஜில் ஆரம்பித்த ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப், பிறகு அதன் கூட்டத்தில் ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான வாஸ்னியாக் ஆப்பிள் 1 கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து காட்டியது வரை போகும். கேட்கச் சுவாரஸ்யம்தான், ஆனால் பிரிண்டர்? அப்புறம், முதல் முறை வருகிறவரை வா என்று கூப்பிட்டு உட்காரவைக்க ஆள் இல்லை, நான் அரை மணி நேரம் ஓரமாக நின்றேன். சத்தமே வராமல் செத்துப்போன டிஸ்க்கையும் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து டேட்டாவை மீட்பது லேப் வேலை என்று அவர்களே நேராகச் சொல்லிவிடுவார்கள்.

போகிறவர்கள் சார்ஜரோடு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் எடுத்துப் போங்கள், அங்கே பிளக் பாயின்டுக்குத்தான் பெரிய சண்டை.