டாம்கேட்: வருடக்கணக்கில் ஓட்டியதில் தெரியவந்தவை

ஜாவா வெப் அப்ளிகேஷன்களை இயக்கும் அப்பாச்சி டாம்கேட் சும்மா விழுகிற சர்வர் அல்ல. ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் மாதக்கணக்கில் அதன் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது. டிப்ளாய் செய்யும்போதும் (அப்ளிகேஷனைச் சர்வரில் ஏற்றும்போதும்) பதிப்பு மாற்றும்போதும் அது படுத்தும் பாடுதான் தனி. எரர் காட்டி நிற்கும் கோளாறுகளைச் சமாளித்துவிடலாம். எதுவுமே சொல்லாமல் ஏதோ ஒரு டிஃபால்ட் மதிப்பில் போய் உட்கார்ந்துகொள்பவைதான் நேரத்தைத் தின்பவை. இங்கே சொல்லியிருப்பது பெரும்பாலும் லினக்ஸில் 8.5, 9, 10.1 பதிப்புகளை ஓட்டிய அனுபவம்.

எந்த லாக்கைப் பார்ப்பது

புதிதாக வருபவர்கள் கேட்டலினா.அவுட் என்ற பொது லாக் கோப்பை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு திணறுகிறார்கள். "ஒன் ஆர் மோர் லிஸனர்ஸ் ஃபெயில்ட் டு ஸ்டார்ட்" என்று ஒரு வரி வரும், அப்ளிகேஷன் எழாது, காரணம் அங்கே இருக்காது. அதே லாக்ஸ் ஃபோல்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி அன்றைய தேதியோடு முடியும் கோப்பு ஒன்று இருக்கும். முழு ஸ்டாக் டிரேஸும் (எரர் எந்த மெத்தட்கள் வழியாக வந்தது என்ற பட்டியல்) அதில்தான். அதையும் முதல் வரியோடு விட்டுவிடாமல், கடைசியாக வரும் "காஸ்ட் பை" வரைக்கும் இறங்கிப் படிக்க வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் தவறு, காணாமல்போன ஜார் (ஜாவா லைப்ரரி கோப்பு) என்று உண்மைக் காரணம் பெரும்பாலும் அடிவரியில் இருக்கிறது. டெபியன், உபுண்டு பேக்கேஜ் வழியாக நிறுவியிருந்தால் சிஸ்டம் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லையும் சேர்த்துப் பாருங்கள்.

வார் கோப்பைப் போடும் விதம்

ஆட்டோடிப்ளாய் (புதிய கோப்பைத் தானே ஏற்றும் வசதி) இயங்கும்போது டாம்கேட் 10 விநாடிக்கு ஒருமுறை வெப்ஆப்ஸ் ஃபோல்டரைச் சோதிக்கிறது. 80 எம்பி வார் கோப்பை (அப்ளிகேஷன் முழுவதையும் அடக்கிய ஜிப் கோப்பு) எஸ்சிபியில் நேராக அந்த ஃபோல்டருக்கே அனுப்பினால், பாதி வந்துசேர்ந்த நிலையிலேயே அதைப் பிரிக்கத் தொடங்கிவிடும். ஜிப் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற எரர் வருவது இதனால்தான். பில்டில் குறையே இருக்காது. அதே டிஸ்க் பார்ட்டிஷனில் வேறொரு ஃபோல்டருக்கு முதலில் அனுப்பி, பிறகு எம்வி கட்டளையால் நகர்த்துங்கள். ஒரே பார்ட்டிஷனுக்குள் எம்வி என்பது பெயர் மாற்றம் மட்டுமே என்பதால் டாம்கேட் கண்ணில் எப்போதும் முழுக் கோப்புதான் படும்.

இன்னொன்று: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய வார் கோப்பை அழித்தால், அது பிரித்துவைத்த ஃபோல்டரும் கூடவே போய்விடும். கான்ஃப் ஃபோல்டருக்குள் கேட்டலினா, லோக்கல்ஹோஸ்ட் என்ற பாதையில் அந்த அப்ளிகேஷனுக்கென்று கான்டெக்ஸ்ட் கோப்பு வைத்திருந்தால் அதுவும் போகும். பயனர்கள் பதிவேற்றிய படங்களை வெப்ஆப்ஸுக்குள்ளேயே சேமிக்கும் அப்ளிகேஷன்களை இன்னும் பார்க்க முடிகிறது. அது ஆபத்து. பதிவேற்றங்களுக்கு வெளியே தனி இடம் கொடுங்கள்.

மேனேஜர் பக்கம் வழியாகப் பதிவேற்றுபவர்களுக்கு 50 எம்பி வரம்பு உண்டு. அது மேனேஜர் அப்ளிகேஷனின் சொந்த வெப்.எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது, 52428800 என்ற எண்ணைத் தேடினால் கிடைத்துவிடும். டாம்கேட்டுக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வர் இருந்தால் அதன் டிஃபால்ட் வரம்பு 1 எம்பி. ஆகவே 413 (அனுப்பியது மிகப் பெரிது என்ற எரர்) வந்தால் டாம்கேட்டைக் குடையும் முன் என்ஜின்எக்ஸைப் பாருங்கள்.

9-இலிருந்து 10-க்கு

இது வெறும் பதிப்பு உயர்வு அல்ல. டாம்கேட் 10-இல் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்ற பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆகிவிட்டது. பழைய வெப்.எக்ஸ்எம்எல்லில் லிஸனர் இருந்தால் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் வந்து விஷயம் உடனே தெரிந்துவிடும். மோசமான நிலை ஸ்பிரிங் பூட் 2 அப்ளிகேஷனுக்கு. வார் கோப்பு ஒரு எரரும் இல்லாமல் டிப்ளாய் ஆகும், லாக்கில் முடிந்ததாகவே வரும், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 404. ஸ்பிரிங்கைத் தட்டி எழுப்பும் இனிஷியலைசர் பழைய பெயரில் பதிவாகியிருக்கிறது. டாம்கேட் 10 அந்தப் பெயரைத் தேடுவதே இல்லை. ஸ்பிரிங் பூட் 3-க்கு மாறுங்கள், அல்லது டாம்கேட் 9-லேயே இருங்கள். வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஃபோல்டர் உருவாக்கி அதில் பழைய வார் கோப்பைப் போட்டால் டாம்கேட் 10 தானே மாற்றிக்கொள்ளும். சோதித்துப் பார்க்க நல்ல வசதி, நிரந்தரமாக அதை நம்பியிருக்க வேண்டாம்.

கோடை நீங்களே மாற்றும்போது ஜாவாக்ஸ் என்று வரும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல், ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ ஆகியவை ஜேடிகேயின் பகுதி. அவை பழைய பெயரிலேயே இருக்க வேண்டும்.

ஜாவா பதிப்பும் உண்டு. 10.1-க்கு ஜாவா 11, டாம்கேட் 11-க்கு ஜாவா 17 குறைந்தபட்சத் தேவை. கிளாஸ் கோப்பின் பதிப்பு எண் எரரில் வந்தால் 52 என்பது ஜாவா 8, 55 என்பது 11, 61 என்பது 17, 65 என்பது 21.

சத்தமில்லாத டிஃபால்ட்கள்

அதிகம் பேரைச் சுற்றலில் விடுவது டேட்டாபேஸ் பூல், அதாவது திறந்தே வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு. டாம்கேட் 8-இல் உள்ளே இருக்கும் பூல் டிபிசிபி 2 லைப்ரரிக்கு மாறியபோது, இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையைக் குறிக்கும் மேக்ஸ்ஆக்டிவ் என்ற பெயர் மேக்ஸ்டோட்டல் ஆனது. மேக்ஸ்வெயிட் என்பது மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆனது. பழைய கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லை அப்படியே கொண்டுவந்தால், மேக்ஸ்ஆக்டிவ் 50 என்று எழுதியிருந்தாலும் அது கணக்கில் வராது. லாக்கில் ஒரு எச்சரிக்கை வரும்; தொடக்க நேரத்து வரிகளின் வெள்ளத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. மேக்ஸ்டோட்டலின் டிஃபால்ட் 8. காத்திருக்கும் நேரத்துக்கோ வரம்பே கிடையாது. கூட்டம் குறைவான நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். 9-ஆவது இணைப்பு தேவைப்படும் நொடியில் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். சிபியு சும்மா இருக்கும், எரர் ஒன்றும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க டாம்கேட் பிராசஸுக்கு கில் -3 அனுப்புங்கள். பிராசஸ் சாகாது, திரெட் டம்ப் (ஒவ்வொரு திரெட்டும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்ற பட்டியல்) கேட்டலினா.அவுட்டில் விழும். எச்டிடிபி-நியோ-8080-எக்ஸெக் என்று தொடங்கும் திரெட்கள் வரிசையாக பாரோஆப்ஜெக்ட் என்ற மெத்தடில் காத்திருந்தால் பூல் வறண்டுவிட்டது என்று பொருள். மேக்ஸ்டோட்டலை உயர்த்துவதோடு, மேக்ஸ்வெயிட்மில்லிஸுக்கு 10000 போல ஒரு மதிப்பையும் கொடுங்கள். அப்போதுதான் தொங்குவதற்குப் பதில் எரர் வரும். எண்ணை உயர்த்திய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி வறண்டால், கோடில் எங்கோ கனெக்ஷனை மூடாமல் விட்டிருக்கிறார்கள். ரிமூவ்அபேண்டன்ட்ஆன்பாரோ, லாக்அபேண்டன்ட் இரண்டையும் ட்ரூ ஆக்கினால் 300 விநாடிக்கு மேல் திரும்பாத கனெக்ஷனை எந்த மெத்தட் எடுத்தது என்பது லாக்கில் வந்துவிடும். ஃபேக்டரியாக டாம்கேட் ஜேடிபிசி பூலைக் கொடுத்திருப்பவர்களுக்கு மட்டும் மேக்ஸ்ஆக்டிவ்தான் இன்றும் சரியான பெயர்.

அடுத்தது மேக்ஸ்போஸ்ட்சைஸ், டிஃபால்ட் 2 எம்பி. சாதாரண ஃபார்ம் அதைத் தாண்டினால் 10.1 வரை கெட்பாராமீட்டர் நல் தரும், அவ்வளவுதான். டாம்கேட் 11-இல் இது எக்ஸெப்ஷனாக வெளிப்படையாக வருகிறது. நீண்ட நாள் தேவைப்பட்ட நல்ல மாற்றம். ஜேசனாக வரும் பாடிக்கு இந்த வரம்பு பொருந்தாது. யூஆர்எல்லில் சதுர அடைப்புக்குறி இருந்தால் வரும் 400-க்கு கனெக்டரில் ரிலாக்ஸ்ட்குவெரிசார்ஸ் இருக்கிறது, ஆனால் கிளையன்ட் பக்கம் என்கோட் செய்வதே முறை.

தமிழ் உள்ளீடு

தமிழில் ஃபார்ம் வைப்பவர்கள் இதைத் தெரிந்தே ஆக வேண்டும். யூஆர்எல்லின் என்கோடிங் டாம்கேட் 8 முதலே யூடிஎஃப்-8. போஸ்ட் பாடிக்கோ, கேரக்டர்செட் சொல்லப்படாவிட்டால் டாம்கேட் 9 வரை ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். தேடல் பெட்டியில் தமிழ் சரியாக வந்து, பதிவுப் படிவத்தில் மட்டும் குப்பை எழுத்தாக டேட்டாபேஸில் விழுவது இந்த வேறுபாட்டால்தான். கான்ஃப் ஃபோல்டரின் வெப்.எக்ஸ்எம்எல்லில் செட்கேரக்டர்என்கோடிங்ஃபில்டர் கமென்ட்டாகவே காத்திருக்கிறது, அதைத் திறந்துவிடுங்கள். வேறு எந்த ஃபில்டரும் பாராமீட்டரைப் படிக்கும் முன் இது ஓட வேண்டும், இல்லையேல் பயனில்லை. டாம்கேட் 10 முதல் வெப்.எக்ஸ்எம்எல்லிலேயே யூடிஎஃப்-8 என்று எழுதி வருகிறது.

அளவையும் கணக்கில் வையுங்கள். ஒரு தமிழ் யூனிகோட் குறியீடு யூடிஎஃப்-8-இல் 3 பைட், யூஆர்எல்லில் என்கோட் ஆனால் 9 எழுத்து. "தமிழ்" என்ற சொல்லில் 5 குறியீடுகள், எனவே 45 எழுத்து. கோரிக்கை வரிக்கும் ஹெடர்களுக்கும் சேர்த்து டிஃபால்ட் இடம் 8192 பைட்தான். குக்கீயும் டோக்கனும் பெரிதாக இருக்கும் அப்ளிகேஷனில் ஒரு பத்தி நீளத் தமிழை கெட் முறையில் அனுப்பினால் 400 வரலாம். மேக்ஸ்எச்டிடிபிஹெடர்சைஸை உயர்த்தலாம், போஸ்ட்டுக்கு மாற்றுவது மேல்.

சிஸ்டம்டி, ப்ராக்ஸி, ஏஜேபி

சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டிக்காக டெபியன் பேக்கேஜ் தரும் யூனிட் கோப்பில் ப்ரொடெக்ட்சிஸ்டம் ஸ்ட்ரிக்ட் என்று இருக்கிறது, அதாவது அனுமதித்த பாதைகளைத் தவிர வேறெங்கும் எழுத விடாது. நீங்கள் உருவாக்கிய பதிவேற்ற ஃபோல்டருக்கு உரிமையெல்லாம் சரியாகக் கொடுத்திருந்தும் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்காதீர்கள். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் ரீட்ரைட்பாத்ஸில் அந்தப் பாதையைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

எச்டிடிபிஎஸ் என்ஜின்எக்ஸிலேயே முடிந்து டாம்கேட்டுக்கு எச்டிடிபியாக வந்தால் ரீடைரக்ட்கள் எச்டிடிபிக்கே திரும்பும். சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ரிமோட்ஐபிவால்வைச் சேர்த்து, என்ஜின்எக்ஸ் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை அனுப்பும்படி செய்யுங்கள். 9.0.31, 8.5.51 முதல், முன்னால் இருக்கும் வெப் சர்வர் டாம்கேட்டோடு பேசப் பயன்படும் ஏஜேபி கனெக்டர் டிஃபால்ட்டில் மூடியே இருக்கிறது. 2020-இல் வெளியான கோஸ்ட்கேட் பாதுகாப்பு ஓட்டைதான் காரணம். தேவைப்படுபவர்கள் சீக்ரெட் கொடுத்தே திறக்க வேண்டும்.

மெமரி

ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்களுக்கான மெமரி) அளவை செட்என்வ்.எஸ்ஹெச் கோப்பில் எழுதுங்கள், கேட்டலினா.எஸ்ஹெச்சைத் தொட்டால் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். லாக்கில் ஒரு வார்த்தையும் இல்லாமல் டாம்கேட் மறைந்துவிட்டால் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பாருங்கள், கெர்னல் மெமரி போதாமல் அதைக் கொன்றிருக்கும். ஹீப்பின் உச்ச அளவான எக்ஸ்எம்எக்ஸ் மதிப்பு மட்டுமே மொத்த மெமரி அல்ல. மெட்டாஸ்பேஸ் (கிளாஸ்களுக்கான மெமரி), திரெட் ஸ்டாக் எல்லாம் அதற்கு மேலே.

ரீஸ்டார்ட் செய்யாமல் திரும்பத் திரும்ப ரீடிப்ளாய் செய்யும் வசதியை டெவலப்மென்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஜேடிபிசி டிரைவரோ, மூடாத திரெட்டோ, திரெட்லோக்கலோ பழைய கிளாஸ்லோடரை (அப்ளிகேஷனின் கிளாஸ்களை ஏற்றிய பகுதியை) பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ரீடிப்ளாயிலும் மெட்டாஸ்பேஸ் ஏறும். "ஃபெயில்ட் டு அன்ரெஜிஸ்டர்" என்ற எச்சரிக்கை வந்தால் டிரைவர் ஜாரை வெப்-இன்ஃபுக்குள் வைக்காமல் டாம்கேட்டின் லிப் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். மேனேஜர் பக்கத்தின் "ஃபைண்ட் லீக்ஸ்" பொத்தான் எந்த அப்ளிகேஷன் இன்னும் மெமரியை விடவில்லை என்று காட்டும். அது முழு கார்பேஜ் கலெக்ஷனைத் தூண்டும் என்பதால் கூட்ட நேரத்தில் அழுத்த வேண்டாம்.