11 ஆண்டுகள் அணிந்த ஜேட் வளையலும் மஞ்சளித்துப்போன பதக்கமும்

ஜேட் என்னும் பச்சைநிறக் கல்லில் செய்த வளையல் ஒன்றை 11 ஆண்டுகளாக இடது கையில் அணிந்து வருகிறேன். அதை வாங்கி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வாங்கிய ஜேட் பதக்கமும் என்னிடம் இருக்கிறது. வளையல் இன்றும் மெருகு குன்றாமல் இருக்க, பதக்கம் ஓரங்களில் மஞ்சளித்துப் பெட்டிக்குள் கிடக்கிறது. இரண்டும் ஒரே கல் என்று நம்பியே வாங்கினேன். ஒரே விதமாகவே பராமரித்தும் வந்தேன். அந்த நம்பிக்கை தவறு என்பது மிகவும் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது.

பச்சைக்கல் என்றால் நம்மில் பலருக்கு மரகதம்தான் நினைவுக்கு வரும். ஜேட் அதுவல்ல. ஜேட் என்ற பெயரிலேயே இரண்டு வெவ்வேறு கனிமங்கள் விற்பனையாகின்றன: ஒன்று நெஃப்ரைட், மற்றொன்று ஜேடைட். இவை தனித்தனிக் கனிமங்கள் என்பதை 1863-இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சிஸ் தாமூர் நிறுவினார். நெஃப்ரைட்டின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.95 மடங்கு, ஜேடைட்டினுடையது ஏறத்தாழ 3.3 மடங்கு. ஆகவே கல்லைக் காற்றிலும் நீரிலும் எடை போட்டுப் பார்த்தாலே எது எதுவென்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். என் வளையல் நெஃப்ரைட், பதக்கம் ஜேடைட்.

ஜேட் எளிதில் உடையாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். நெஃப்ரைட்டினுள் நுண்ணிய இழைகள் கம்பளியைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், விழும் அடியை அது தாங்கிக்கொள்கிறது. கற்காலத்து மனிதர்கள் அதில் கோடரி செய்ததற்கும் இதுவே காரணம். ஆனால் உடையாமல் தாங்குவது வேறு, கீறல் விழாமல் இருப்பது வேறு. எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் அளவுகோலில் எண் கூடிய பொருள் குறைந்ததைக் கீறும்; அதில் நெஃப்ரைட்டின் கடினத்தன்மை 6 முதல் 6.5 வரைதான், ஜேடைட்டுக்கு 6.5 முதல் 7 வரை. நம்மைச் சுற்றிப் படியும் தூசியில் கலந்திருக்கும், மணலில் உள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் கடினத்தன்மையோ 7. இதை அறியாமல் முதல் இரண்டு ஆண்டுகளும் வளையலைத் தினமும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து வந்தேன். ஒரு நாள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, சிலந்தி இழை போன்ற மெல்லிய கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதைக் கண்டேன். நான் துடைத்த திசைதான் அது. கல் பட்டறையில் கொடுத்து மீண்டும் மெருகேற்ற வேண்டியதாயிற்று. அன்று முதல் நீரில் அலசித் தூசியைப் போக்காமல் துணியை அதன்மேல் வைப்பதில்லை.

பதக்கத்தின் கதை இன்னும் வருத்தமானது. ஜேடைட்டை விற்பவர்கள் ஏ, பி, சி என்று வகை பிரிக்கிறார்கள். மேற்பூச்சாக மெழுகு மட்டும் இட்டது ஏ வகை. அமிலத்தில் ஊறவைத்துப் பழுப்புக் கறைகளை நீக்கி, அதனால் உண்டாகும் நுண்துளைகளில் செயற்கைப் பிசினை ஏற்றியது பி வகை. சாயம் ஏற்றியது சி வகை. என் பதக்கத்தை விற்றவர் ‘இயற்கைக் கல்’ என்றார். கல் இயற்கையானதுதான், அதற்குள் ஏற்றப்பட்ட பிசின்தான் இயற்கையானதல்ல. ஆறாம் ஆண்டில் ஓரங்கள் மஞ்சளிக்கத் தொடங்கின. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தபோது, மேற்பரப்பு முழுவதும் வலைப்பின்னல் போன்ற நுண்ணிய பள்ளங்கள் தெரிந்தன. ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை செய்து பிசின் இருப்பதை உறுதிப்படுத்தினார்கள். நான் அதைச் சூடான நீரில் கழுவி வெயிலில் உலர்த்தி வந்ததும் கேட்டை விரைவுபடுத்தியிருக்க வேண்டும், ஏனெனில் வெப்பம் பிசினுக்குப் பகை. வாங்கும்போது ‘இயற்கைக் கல்லா?’ என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். ‘பிசினோ சாயமோ ஏற்றியிருக்கிறதா?’ என்று கேட்டு, அதற்கான விடையை ஆய்வக அறிக்கையாகவே பெற்றுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு எளிது. வெதுவெதுப்பான நீர், சில துளி மென்மையான சோப்பு, உலோகப் பிடிப்பின் இடுக்குகளுக்கு ஒரு மெல்லிய பிரஷ், இவ்வளவே போதும். அலசி, ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்துகிறேன். நீராவியாலும் ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் கருவியாலும் சுத்தம் செய்ய ஒருபோதும் கொடுப்பதில்லை, அமிலம் கலந்த நகைத் துப்புரவுத் திரவங்களைத் தொடுவதும் இல்லை. வாசனைத் திரவியம் பூசி அது உலர்ந்த பிறகே வளையலை அணிகிறேன். குளோரின் கலந்த நீச்சல் குளத்தில் இறங்குமுன் கழற்றிவிடுகிறேன். வைரம், மாணிக்கம், நீலம், புஷ்பராகம் ஆகிய நான்கும் ஜேடைக் கீறக்கூடியவை என்பதால், அதற்கென்று தனித் துணிப்பை வைத்திருக்கிறேன்.

அணிய அணியக் கல்லின் நிறம் கூடும் என்று பலர் சொல்வதுண்டு. என் வளையலைச் சோப்பில் கழுவியவுடன் சற்று மங்கலாகத் தோன்றும். இரண்டு நாள் அணிந்தால் பழைய ஆழம் திரும்பிவிடும். தோலின் எண்ணெய் நுண்ணிய குழிகளை நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது, அதனால் பச்சை செறிவாகத் தெரிகிறது என்பதே என் கருத்து. அந்தப் பச்சைக்குக் காரணமான இரும்பு கல்லின் உள்ளேயே இருப்பது; அணிவதால் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

கழற்றி மாட்டும் நேரம்தான் வளையலுக்கு உண்மையான ஆபத்து. சோப்பு நுரையோடு வழுக்கிக் கல் தரையில் விழுந்தால் இழைப்பின்னலும் காப்பாற்றாமல் போகலாம். அதனால் மடித்த துண்டு ஒன்றை விரித்து அதன்மேல்தான் கழற்றுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை வளையலை நூலில் தொங்கவிட்டு ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பேன். விரிசல் இல்லாத வளையல் மணி போல ஒலிக்கும், விரிசல் கண்டதன் ஒலி அமுங்கிக் கேட்கும். உட்புறத்தில் வாங்கிய நாள் முதலே ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அதன் குறுக்கே நகத்தை ஓட்டும்போது தடுக்கினால் விரிசல், தடுக்காவிட்டால் கல்லின் இயல்பான வரியாக இருக்கலாம். இந்த ஆண்டும் ஒலி தெளிவாகக் கேட்டது, நகமும் தடுக்கவில்லை.