பன்டனால் ஜாகுவார் படகுச் சவாரி: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

சிறுத்தையைப் போலப் புள்ளிகள் கொண்ட பெரும்பூனையான ஜாகுவாரைக் காட்டில் பார்க்க, பிரேசிலின் பன்டனால் சதுப்புவெளியின் வடபகுதியைப் போல நம்பிப் போகக்கூடிய இடம் வேறில்லை. குயபா விமான நிலையத்திலிருந்து போக்கோனே என்ற ஊர் சுமார் 100 கி.மீ. அங்கே தொடங்கும் டிரான்ஸ்பன்டனேரா மண்சாலை, ஏறக்குறைய 145 கி.மீ. ஓடி, போர்த்தோ ஜோஃப்ரே ஆற்றங்கரையில் முடிகிறது. படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஜூலை முதல் அக்டோபர் வரைதான் சரியான காலம். வெள்ளம் வடிந்ததும் கெய்மன் முதலைகளும், கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்குகளும் கரையோரம் கூடும். அவற்றைத் தேடி ஜாகுவாரும் வரும். மழைக்காலத்தில் சமவெளியே ஏரியாகிவிடும், சாலையும் கெட்டுவிடும்.

விடுதியின் வசதியைவிட படகோட்டிதான் முக்கியம். ஒருவர் ஜாகுவாரைக் கண்டு வாக்கிடாக்கியில் சொன்னதும் மற்ற படகுகள் சீறிக்கொண்டு வந்து குவிகின்றன. இந்தச் சேவையின் பெரிய குறையே இதுதான். ஜாகுவார் கரையோரம் பதுங்கி வந்து, முதலையின் மேல் பாய்ந்து மண்டையின் பின்புறத்தைக் கவ்வும். படகின் அலை கரையில் அடித்தால் போதும், முதலை தண்ணீருக்குள் நழுவிவிடும், வேட்டை பாழ். எஞ்சினை அணைத்து, எதிர்க்கரையை ஒட்டிக் காத்திருப்பவரே நல்ல படகோட்டி. அப்படிப்பட்டவருக்குக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

ஒரு படகில் எத்தனை பேர், எரிபொருள் கட்டணத்தில் சேர்ந்ததா, மதியச் சாப்பாடு படகிலேயே தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். காலை, மாலை என்று இரண்டு சுற்றாகப் பிரித்தால் போக வரவே நேரம் போய்விடும். ஜாகுவார் இங்கே பகலிலும் நடமாடும் என்பதால் முழுநாள் படகே மேல்; மூன்று நாளாவது வேண்டும். இறைச்சி போட்டு வரவழைப்பதாகச் சொல்பவர் பக்கமே போகாதீர்கள், அதற்குத் தடை உண்டு.

ஆடும் படகில் ட்ரைபாட் வீண். 100-400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து, ஷட்டரை 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். செப்டம்பரில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து குளிர்காற்று வந்தால் 10 டிகிரிவரை இறங்கும். ஓடும் படகில் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் இல்லாமல் உட்கார முடியாது.

பல பேக்கேஜ்கள் மண்சாலையை ஒரே மூச்சில் கடந்துவிடுகின்றன. அது பெரிய இழப்பு. வழியிலுள்ள மாட்டுப் பண்ணை விடுதி ஒன்றில் ஓர் இரவாவது தங்குங்கள். மாடுகள் தின்ற பனைக்காய்களின் கொட்டைகள் சாணத்தோடு வெளியே வரும். அவற்றைப் பொறுக்க ஹயசிந்த் மக்காவ் கிளிகள் காலையில் தொழுவத்துக்கே இறங்கும்.