வாங்கிய கிளேஸா, சொந்தக் கலவையா? நம்ம ஊர் ஏரி மண்ணுக்கு எது ஒத்துவரும்

காட்பாடி, கரிகிரி பக்கம் செம்மண் பாண்டத்தில் கிளேஸ் எனும் கண்ணாடி மெருகு ஏற்றுபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. தயாராக வரும் கிளேஸ் தூளை வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம். அல்லது ஃப்ரிட் (உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்), சீனா களிமண், சிலிகா ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி எடைபோட்டுக் கலக்கலாம். வாங்கிய தூளில் வேலை மிச்சம், நிறமும் ஒரே சீராக வரும். அவசர ஆர்டருக்கு அதுவே போதும்.

ஆனாலும் சொந்தக் கலவைதான் மேல் என்பேன். காரணம் மயிரிழை வெடிப்பு.

ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கினால், மேலே இருக்கும் கண்ணாடிப் படலம் இழுபட்டு வலைபோல வெடிக்கும். ஏரி மண் 1050 டிகிரியில் வெந்த பிறகும் நீர் உறிஞ்சும். வெடிப்பு வழியாக ரசம் இறங்கினால் அடி கசியும், வாசம் போகவே போகாது. வாங்கிய தூள் வேறு ஏதோ மண்ணுக்காகச் செய்தது. அதில் என்னென்ன எவ்வளவு என்று தெரியாமல் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

சொந்தக் கலவையில் திருத்த இடம் இருக்கிறது. ஈயமில்லாத போரான் ஃப்ரிட் 85 பங்கு, சீனா களிமண் 15 பங்கு, இது அடிக்கலவை. சிலிகா சேர்க்கச் சேர்க்க கிளேஸின் சுருக்கம் குறையும். அடிக்கலவையை 100 கிராம் வீதம் ஐந்து கிண்ணத்தில் எடுத்து, சிலிகாவை 0, 4, 8, 12, 16 கிராம் என்று சேருங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 90 மில்லி தண்ணீர் விட்டு 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் இரண்டு முறை வடியுங்கள். 100 மில்லி கரைசல் 145 முதல் 150 கிராம் எடை இருந்தால் பதம் சரி. பானைக்கு எடுக்கும் அதே மண்ணில் செய்து ஒருமுறை சுட்ட வில்லைகளை மூன்று விநாடி முக்கி எடுங்கள். சூளைக்குப் போகுமுன் வில்லையின் பின்புறம் இரும்பு ஆக்சைடு கரைசலால் எண் எழுதாவிட்டால் உழைப்பெல்லாம் வீண்.

சிலிகாவுக்கு ஆரணி அரிசி ஆலைகளின் உமிச்சாம்பலும் உதவும். அதில் பெரும்பகுதி சிலிகாதான். கறுப்புச் சாம்பலை அப்படியே போட்டால் உள்ளே மிஞ்சிய கரி எரிந்து வாயுவாகி, ஊசித்துளையும் கொப்புளமும் விழும். அகலமான தட்டில் மெல்லப் பரப்பி, 700 டிகிரிக்குள் நிதானமாக மறுபடி எரித்து, வெளுத்த பிறகு நைசாக அரைக்க வேண்டும்.

வெந்த வில்லைகளைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்து பேனா மசியைத் தேய்த்துத் துடைத்தால், வெடித்த இடம் நீலக் கோடாகத் தெரியும். கோடு விழாத வில்லைகளில் சிலிகா மிகக் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு மீறினால் மேற்பரப்பு சொரசொரக்கும். இன்னும் மீறினால் விளிம்பில் கிளேஸ் சில்லாக உதிரும். சாப்பிடும் பாத்திரத்தில் அது ஆபத்து.

சூளையிலிருந்து எடுத்தபோது நன்றாக இருந்த பாண்டம் மாதங்கள் கழித்தும் வெடிக்கலாம். துளையுள்ள மண் ஈரம் குடித்து மெல்ல விரிவதுதான் காரணம். முதல் சூட்டை 1080 டிகிரி, கிளேஸ் சூட்டை 1040 என்று வைத்தால் இது குறையும். ஆனால் 1080 சூட்டை உங்கள் மண் தாங்குமா என்று ஒரு வில்லையில் முன்பே பார்த்துவிடுங்கள்.

நிறத்தில் அவசரம் வேண்டாம். வெடிப்பு தீர்ந்த கலவையில் மட்டும் சேருங்கள். 100 கிராமுக்குச் செம்பு கார்பனேட் 3 கிராம் பச்சை தரும், இரும்பு ஆக்சைடு 5 கிராம் தேன் நிறம் தரும். இவை மின்சூளைக்கான அளவு; விறகுச் சூளையில் புகை சூழ்ந்தால் செம்பு சிவந்துபோகும். செம்புப் பச்சையை வெளிப்புறத்தோடு நிறுத்துங்கள், புளிக்குழம்பு படும் உட்புறத்தில் வேண்டாம்.