வெய்யிலில் வைன் குளிராக இருக்க: போத்தல் உறையும் ஐஸ் பெட்டியும், சில வருடப் பாவனைக்குப் பிறகு

சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்தில் நிழலிலேயே 33, 34 பாகை அடிக்கும். வெள்ளை வைன் குடிக்க நல்ல பதம் 7 முதல் 10 பாகை செல்சியஸ். பிறிஜ்ஜிலிருந்து எடுத்த போத்தலை மாமரத்தடி மேசையில் சும்மா வைத்தால், கறி சோறு எல்லாம் பரிமாறி எல்லாரும் உட்காருவதற்குள் பாதிக் குளிர் போய்விடும். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்கலாம் என்பதும் இங்கே சரிவராது. அந்தக் கதை ஐரோப்பியக் குளிர் வீட்டு அறைக்கு, 16, 18 பாகைக்குச் சொன்னது. எங்கட மண்டபத்தில் சிவப்பு வைனையும் கொஞ்சம் குளிர்த்தித்தான் ஆகவேண்டும்.

எங்கள் வீட்டில் நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் வளவில்தான் பந்தி. கனடாவிலிருந்து அண்ணர் வரும்போது ஒரு எவர்சில்வர் போத்தல் உறை கொண்டுவந்தார். ஒற்றைப் போத்தல் உள்ளே இறங்கும், கழுத்து மட்டும் வெளியே தெரியும், மேலே ஒரு வளையம் திருகிப் போத்தலின் தோளைப் பிடித்துக்கொள்ளும். பார்த்தவுடன் பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டது, "தம்பி, இதுக்குள்ள தேத்தண்ணி விடலாமோ?" கேள்வியில் பிழையில்லை. 1892 இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டிவார் செய்த குடுவையும் நாங்கள் சுடுதண்ணி வைக்கும் தேர்மசும் இந்த உறையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு சுவருக்கு நடுவில் காற்றை எடுத்துவிட்டால் சூடு கடந்து வர வழி குறைந்துவிடும்.

வாங்க யோசிப்பவர்கள் ஒன்றை முதலில் மனதில் வைக்கவேண்டும்: இந்த உறை குளிரைப் பிடித்து வைக்கும், குளிர்த்தாது. இளஞ்சூட்டுப் போத்தலை இறக்கினால் இளஞ்சூட்டைத்தான் பத்திரமாகக் காக்கும். பெட்டியில் ஆறு மணித்தியாலம் என்று போட்டிருந்தால் அதில் பாதியை நம்புங்கள். குளிர் ஊரில் உள்ளே 5 பாகை, வெளியே 20 என்றால் வித்தியாசம் 15. இங்கே வெளியே 33, வித்தியாசம் 28. சூடு ஏறுகிற வேகமும் கிட்டத்தட்ட இரட்டிப்புத்தான். நிறைந்த போத்தல் எங்கள் முற்றத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நன்றாகத் தாங்குகிறது. பாதி குடித்த பிறகுதான் சிக்கல். உள்ளே இருப்பது குறையக் குறையச் சீக்கிரம் சூடேறும். அதற்கு நான் செய்வது, உறையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஐஸ் தண்ணி விடுவது. போத்தலுக்கும் உறைக்கும் இடையில் இருக்கும் காற்றிடைவெளி நிரம்பிவிடுவதால் கடைசிக் கிளாசும் குளிராக வரும். தூக்கி ஊற்றும்போது வேட்டியில் சொட்டும், ஒரு துவாய்த் துண்டு பக்கத்தில் வேண்டும். கிளாசிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நிரப்பி வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தால் எந்த உறையும் உதவாது.

வாங்கும்போது விட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். வழக்கமான 750 மில்லிலீற்றர்ப் போத்தல் ஏழரை சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். நுரைக்கும் வைன் போத்தல் அழுத்தம் தாங்கவேண்டும் என்பதால் தடித்தது, ஒன்பதுக்குக் கிட்டப் போகும். பல உறைகளுக்குள் அது இறங்காது. பிறகு வெற்றிடம் சரியா என்பது. ஐஸ் தண்ணி விட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். வெளிச்சுவர் வேர்த்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அதை வாங்கவேண்டாம். இங்கே ஒரு கடையில் மலிவாக வாங்கிய இரண்டாவது உறை ஒரு மழைக்காலம் முடிய முன்னமே வேர்க்கத் தொடங்கியது. கொண்டுபோய்க் காட்டினால், "அண்ணை, குளிர் சாமான் வைச்சால் வேர்க்கத்தானே செய்யும்" என்று பதில். அதை இப்போது மனைவி அகப்பை வைக்கப் பாவிக்கிறா.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்று இரண்டு தொல்லை. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணி, கழுவிக் கவிழ்க்காமல் விட்டால் அடியில் வெள்ளையாகக் கல் படியும். தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து ஊறவிட்டால் போய்விடும். குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் எவர்சில்வருக்குக் கூடாது. மற்றது உப்புக்காற்று. காரைநகர் மச்சான் வீட்டில் விட்டுவந்த உறையின் விளிம்பில், வளையம் திருகும் புரிக்குள், செம்மண் நிறத்தில் துரு. புரியைத் துடைத்துக் காயவிடுவது முக்கியம்.

இனி ரெஜிபோம் பெட்டி. மீன் ஏற்றுகிற அதே வெள்ளைப் பெட்டிதான். அழகில்லை, மூலை உடையும், மூடி சரியாக மூடாது. ஆனாலும் 2022 இல் கரண்ட் 13 மணித்தியாலம் வரைக்கும் நின்ற நாட்களில் வீட்டைக் காப்பாற்றியது அதுதான். போத்தலைக் குளிர்த்தவும் அதுதான் சரி. கணக்குப்படி 32 பாகையிலிருந்து ஒரு போத்தலை 8 பாகைக்குக் கொண்டுவரக் கால் கிலோ ஐஸ் உருகினால் காணும். உண்மையில் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும், பெட்டியும் தண்ணியும் காற்றும் பங்கு கேட்கும். வெறும் ஐஸ்கட்டிக்குள் போத்தலைச் செருகாதீர்கள். தண்ணியும் விட்டால்தான் போத்தலின் எல்லாப் பக்கமும் குளிர் தொடும். ஒரு கைப்பிடி ஆனையிறவு உப்பும் போட்டால் தண்ணி பூச்சியத்துக்குக் கீழே இறங்கும், அரை மணித்தியாலத்துக்குள் வைன் தயார். அதற்கு மேல் மறந்துபோய் விடவேண்டாம், வைனும் கட்டியாகிவிடும். மீனுக்கு விற்கும் ஐசைக் கிளாசுக்குள் போடுவது வேண்டாத வேலை.

பிறீசரில் வைத்துச் சுற்றும் ஜெல் உறையும் வைத்திருக்கிறேன், முதல் ஒரு மணித்தியாலம் சோக்கு, பிறகு ஈரத்துணி. ஈரச்சாக்குச் சுற்றிய மண்பானை காற்று உலர்ந்த ஊருக்குச் சரி, கடலோர ஈரக்காற்றில் தண்ணி லேசில் ஆவியாகாது. சாதாரண தேர்மசுக்குள் வைனை ஊற்றிக் கொண்டுபோகலாம், நுரைக்கும் வைனை மட்டும் ஊற்றி அடைக்காதீர்கள், மூடி பறக்கும். எங்கே கொண்டுபோவது என்பதையும் யோசியுங்கள். கசூரினாக் கடற்கரை போலப் பொது இடத்தில் போத்தல் திறப்பது சட்டச் சிக்கல். போயா (பௌர்ணமி) நாளில் மதுக்கடை பூட்டு, முதல் நாளே வாங்கிக் குளிரில் போடவேண்டும்.

வைன் குடிக்காத வீட்டுக்கும் உறை வீண் போகாது. தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிரசத்தைக் கரைத்துப் போத்தலில் விட்டு இதற்குள் வைத்தால் பிள்ளைகள் பின்னேரம் வரைக்கும் குளிராகக் குடிப்பார்கள். எனக்கு ஒன்று மட்டும் வாங்கக் காசு இருந்தால் முதலில் பெட்டிதான், உறை அடுத்த வருடம்.

அண்ணர் தந்த உறை இன்னும் வேர்க்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த ரப்பர் மட்டும் கழன்றுவிட்டது, தனியாக எங்கும் விற்கிறார்களில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். மேசையில் முந்தியைவிட இறுக்கமாக நிற்கிறது.