காந்தப்புயலைப் பார்க்க ஒரு கண்ணா, இரண்டா? இமேஜும் ட்வின்ஸும்

சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்குவதுதான் காந்தப்புயல். அந்தச் சமயத்தில் பூமியைச் சுற்றி அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) வளையமாக ஓடும். காந்தப்புலம் அவற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் ஓர் அயனி, அங்கே மெலிதாகப் பரவியிருக்கும் ஹைட்ரஜனிடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டால் மின்னேற்றம் போய்விடும், பிடியும் விட்டுவிடும். அப்புறம் அது நேர்கோட்டில் பறக்கும். ஒளியைப் போலவே இந்த நடுநிலை அணுக்களைச் சேகரித்துப் படமாக்கலாம். வளையம் முழுதும் தெரிய, துருவத்துக்கு மேலே உயரத்தில் நிற்க வேண்டும். சுவீடனின் குட்டிச் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரிட் (1995) வெறும் 1,000 கி.மீ. உயரத்தில் பறந்தது, முழு வளையம் அதற்கு எட்டவில்லை.

நாசாவின் இமேஜ் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் கிளம்பியது. அதன் நீள்வட்டப் பாதையின் உச்சி சுமார் 46,000 கி.மீ. உயரம். குறைந்த, நடுத்தர, உயர் ஆற்றல் என்று அணுக்களுக்கே மூன்று கேமராக்கள். உயர் ஆற்றல் கேமராவான ஹெனா, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துக் காட்டியது. பெரிய புயலில் வளையம் மாலைப் பக்கம்தான் தடித்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஹெனா படங்களில் உச்சம் நள்ளிரவைத் தாண்டி விடியல் பக்கம் சாய்ந்திருந்தது.

ட்வின்ஸ் தனி செயற்கைக்கோளே அல்ல. அமெரிக்க அரசின் வேறு இரண்டு செயற்கைக்கோள்களில் ஒட்டிக்கொண்டு 2006-லும் 2008-லும் போன இரட்டைக் கருவிகள். சாய்வு சுமார் 63 பாகை கொண்ட மோல்னியா பாதை, அதாவது மிகவும் நீண்ட நீள்வட்டப் பாதை. ஆற்றல் வீச்சு 1 முதல் 100 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்.

இரண்டு எதற்கு? படத்தின் ஒரு புள்ளியில் விழும் எண்ணிக்கை, அந்தப் பார்வைக்கோடு நெடுக இருப்பதன் கூட்டுத்தொகை. வெளிச்சம் தூரத்து வளையத்திலிருந்து வந்ததா, அயனிகள் மேல்வளிமண்டலத்தில் மோதும் சில நூறு கி.மீ. உயரத்திலிருந்து வந்ததா என்று ஒற்றைக் கண் திணறும். போதாததற்கு, அயனிகள் எந்தக் கோணத்தில் சுழல்கின்றன என்பதைப் பொறுத்து, எல்லாத் திசைக்கும் அணுக்கள் ஒரே அளவில் புறப்படுவதில்லை. இரு திசைகளிலிருந்து பார்த்தால் இந்தக் குழப்பம் கணிசமாகக் குறையும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் மேலே இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். மற்ற நேரத்தில் அதுவும் ஒற்றைக் கண்தான்.

என் ஓட்டு இமேஜுக்கு. துருவ ஒளியைப் படம்பிடிக்கும் புறஊதாக் கேமராவும், பிளாஸ்மா கோளத்தின் (பூமியைச் சூழ்ந்த, குளிர்ந்த மின்னேற்ற வாயு மண்டலம்) ஹீலியத்தைப் பார்க்கும் கேமராவும் அதே கலத்தில் இருந்தன. புயலில் எது எதைத் தூண்டியது என்று நிமிடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க அது வசதி. 2005 டிசம்பரில் திடீரென்று மௌனமாகி, 2018-ல் கனடாவின் அமெச்சூர் ஆர்வலர் ஸ்காட் டில்லியிடம் சிக்கிய செயற்கைக்கோளும் இதுதான் (அவர் தேடியது வேறொன்றை!). அயனிகளின் கோணப் பரவல்தான் உங்கள் கேள்வி என்றால் மட்டும் சரி, நேராக ட்வின்ஸ் தரவுக்குப் போங்கள்.