விரல்நுனி ஆக்சிமீட்டர்: உதகைக் குளிரில் எவ்வளவு நம்பலாம்?

நுரையீரல் நோயுள்ள முதியவர் இருக்கும் எங்கள் வீட்டில், உதகை மருந்துக் கடையொன்றில் வாங்கிய விரல்நுனி ஆக்சிமீட்டர் கொரோனா காலத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ஊசி குத்தாமல், ஒளியை மட்டும் கொண்டு ரத்தத்தின் ஆக்சிஜன் நிலையைச் சொல்லும் இக்கருவி மலையூர் வீடுகளுக்கு அவசியமானது என்றே கருதுகிறேன். ஆனால், இதனுடன் வரும் கையேடு சமவெளிவாசிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974-இல் முன்வைத்த நுட்பமே இதன் அடிப்படை. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பொளியும் விரலுக்குள் மாறிமாறிப் பாய்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமே ஹீமோகுளோபின்; ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகமாகவும், ஆக்சிஜன் இழந்தது சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும். தோலும் எலும்பும் உறிஞ்சும் ஒளி மாறாதிருக்க, நாடித்துடிப்போடு ஏறியிறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கருவி கணக்கிடுகிறது.

துடிப்பை நம்பியிருப்பதால்தான் குளிர் இதற்குப் பகையாகிறது. ஜனவரி உறைபனிக் காலையில், தேயிலை பறித்த ஈரக் கையோடு வந்தவரின் விரலில் மாட்டினால், ரத்தநாளங்கள் சுருங்கியிருப்பதால் எண் தாறுமாறாக இறங்கும். சில சமயம் எண்ணே வராது. கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, சற்று நேரம் அமைதியாக அமர்ந்து, திரையில் துடிப்பலை சீராகும்வரை பொறுத்தால் எண் நிலைக்கிறது. மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலே நல்லது.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆகவே நலமாக இருப்பவருக்கும் 94, 95 என்று காட்டுவது வியப்பில்லை. கோவையிலிருக்கும் உறவினரின் 98-ஐ நம் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்குவதைவிட, உடல்நலத்தோடு இருக்கும் நாட்களில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். மூச்சுத்திணறல் இருந்தால் எண் எதுவாயினும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நல்ல எண் வந்தாலும் குறை மறைந்திருக்கலாம். ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் ஏற்றிருக்கிறது என்பதையே இது அளக்கிறது. ஹீமோகுளோபினே குறைந்துபோன சோகையை இதனால் கண்டுபிடிக்க முடியாது. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் சோகை காணப்படுவதால், இதை இங்குள்ளவர்கள் அறிந்திருப்பது நல்லது. கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வும் சுட்டிக்காட்டியது.

வாங்குவோர் எண்ணோடு துடிப்பலையும் தெரியும் திரையுள்ள கருவியையே கேட்டு வாங்கலாம். அலை தெரியாத மலிவுக் கருவியில், வந்த எண் நம்பத்தக்கதா என்று அறிய வழியில்லை.

எனக்குப் பெருங்கவலை தருவது கரி அடுப்புதான். குளிருக்காக மூடிய அறையில் கரியை மூட்டினால் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. இரண்டு அலைநீளங்களை மட்டும் பார்க்கும் இக்கருவி அதையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி, உயிருக்குப் போராடுபவருக்கும் 98 காட்டக்கூடும். அத்தகைய அறையில் ஒருவருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால், கருவியைத் தேடாமல் அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.